கவுன்டி வேலைக்குப் புதியவரா? முதல் மாநாட்டுக்குப் போய்வர ஒரு வழிகாட்டி

கலிபோர்னியாவில் ஒரு கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளாட்சி நிர்வாகம்) அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அல்லது கவுன்டியின் ஆலோசனைக் குழு ஒன்றில் உறுப்பினராக நியமிக்கப்பட்டிருக்கிறீர்கள். சில மாதம் போனதும் மேலதிகாரி, "இந்த வருஷ மாநாட்டுக்கு நீங்களும் போயிட்டு வாங்களேன்" என்பார். எந்தப் பாரம், யார் கையெழுத்து, எந்தக் கார்டில் பணம் கட்டுவது, திரும்பி வந்து எதைக் காட்டினால் காசு வரும் என்று உட்கார வைத்துச் சொல்ல மட்டும் ஆள் இருக்காது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றுதான் தெரிந்துகொண்டேன். கைக்காசைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இதிலுள்ள சட்ட விவரங்கள் கலிபோர்னியாவுக்கானவை. மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும். டெக்சஸில் கவுன்டி கமிஷனராக இருப்பவர் 12 மாதத்துக்கு ஒரு முறை 16 மணி நேர வகுப்பு முடித்தே ஆக வேண்டும்; அங்கே மாநாடு என்பது கடமையிலேயே சேர்ந்தது. நீங்கள் வேறு மாநிலத்தில் இருந்தால் படிகளின் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நியமனப் பதவி பற்றித் தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். கவுன்டியை ஆளும் போர்டின் உறுப்பினரைத்தான் இங்கே சூப்பர்வைசர் என்கிறார்கள்; அந்தப் பதவிக்குத் தேர்தலில் போட்டியிடக் குடியுரிமை வேண்டும். ஆனால் நியமனப் பதவிக்கு 18 வயதும் மாநிலத்தில் குடியிருப்பும் போதும் என்று 2019-லேயே சட்டம் மாறிவிட்டது. கிரீன் கார்டு வரவில்லையே என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

1. எந்த நிகழ்ச்சி உங்களுக்கு?

எல்லோர் வாயிலும் அடிபடுவது நேக்கோ. தேசிய கவுன்டிகள் சங்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாட்டிலுள்ள 3,069 கவுன்டி அரசுகளுக்கான அமைப்பு அது. ஆண்டுத் தொடக்கத்தில் வாஷிங்டன் டி.சி.யில் சட்டமியற்றல் மாநாடு, ஜூலையில் ஆண்டு மாநாடு என இரண்டு பெரிய கூட்டங்கள் நடத்துகிறது. ஆண்டு மாநாடு ஊர் மாறி ஊர் நடக்கும்: 2023-இல் ஆஸ்டின், 2024-இல் டாம்பா, 2025-இல் பிலடெல்பியா.

மாநில அளவில், 58 கவுன்டிகளுக்கும் பொதுவான கலிபோர்னியா கவுன்டிகள் சங்கம் இருக்கிறது. பேச்சில் 'சீசாக்'. ஆண்டு இறுதியில் அதன் ஆண்டுக்கூட்டம் நடக்கும். அதன் பயிற்சி நிலையம் கவுன்டி ஊழியர்களுக்கென்றே வரவுசெலவு, தலைமைப் பொறுப்பு, மாநில-கவுன்டி உறவு போன்ற பாடங்களில் வகுப்புகள் நடத்துகிறது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சூப்பர்வைசர்களுக்குத் தனி வகுப்பும் உண்டு.

மூன்றாவது வகை, துறைவாரிச் சங்கங்கள். ஐடி இயக்குநர்களுக்கு ஒன்று, பொறியாளர்களுக்கு ஒன்று, சுகாதார நிர்வாகிகளுக்கு, சமூகநலத் துறை இயக்குநர்களுக்கு, தேர்தல் அதிகாரிகளுக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன.

முதல் ஆண்டில் நேக்கோவுக்கு ஆசைப்படாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அங்கே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி கொள்கை, மத்திய அரசு நிதி, தீர்மானங்கள் பற்றியது. தினமும் நீங்கள் முட்டிக்கொண்டிருக்கும் சிக்கலுக்கு விடை துறைச் சங்கத்தின் கூட்டத்தில்தான் கிடைக்கும். அதே மென்பொருளோடும் அதே மாநில அறிக்கையோடும் மல்லுக்கட்டும் ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள். பெரும்பாலும் காரிலேயே போய்வரும் தூரத்தில் நடப்பதால் செலவும் குறைவு, அனுமதியும் சுலபம்.

2. சட்டம் கேட்கும் பயிற்சிகளை முதலில் முடியுங்கள்

மாநாட்டுக்கு அனுமதி கேட்டுப் போகும்போது "உங்க கட்டாயப் பயிற்சியே பாக்கி இருக்கே" என்ற பதில் வரக்கூடாது.

நீங்கள் குழு உறுப்பினராகவோ கவுன்டி குறிப்பிட்டிருக்கும் பதவியிலோ இருந்தால், ஏபி 1234 என்ற சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மணி நேர நெறிமுறைப் பயிற்சி முடிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். கெடு தேதிக்காகக் காத்திருக்காமல் சேர்ந்த முதல் மாதத்திலேயே முடித்து, சான்றிதழை பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். பாலியல் தொந்தரவுத் தடுப்புப் பயிற்சி எல்லா ஊழியருக்கும் உண்டு: சாதாரண ஊழியருக்கு ஒரு மணி நேரம், மேற்பார்வையாளருக்கு இரண்டு மணி நேரம்.

உங்கள் பதவி கவுன்டியின் நலன்முரண் பட்டியலில் இருந்தால் படிவம் 700 வரும். சொத்து, வருமானம், பரிசு விவரங்களைக் காட்டும் பாரம் அது. பதவி ஏற்ற 30 நாளுக்குள் முதல் படிவம், பிறகு ஆண்டுதோறும். உங்கள் பதவி பட்டியலில் இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 8-ஆம் படியில் இது திரும்ப வரும்.

3. அனுமதி: ஒரு பக்கக் குறிப்போடு போங்கள்

மாநாட்டுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். அனுமதி மறுக்கப்படுவதற்குக் காசு இல்லாமை காரணமாக இருப்பது நான் பார்த்தவரை குறைவு. கேட்டவர் கடைசி நேரத்தில் கேட்டதும், எதற்குப் போகிறோம் என்று தெளிவாகச் சொல்லாததும்தான் பெரும்பாலும் காரணம்.

குறிப்பில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த அமர்வுகளில் உட்காரப் போகிறீர்கள், அவை உங்கள் துறையின் எந்த வேலையோடு தொடர்புடையவை, மொத்தச் செலவு எவ்வளவு, நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார். "கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு" என்று பொதுவாக எழுதினால் நகராது. "அடுத்த ஆண்டு பெர்மிட் மென்பொருளை மாற்றவிருக்கிறோம், ஏற்கெனவே மாற்றிய கவுன்டிகள் இரண்டு அமர்வுகளில் பேசுகின்றன" என்று எழுதினால் நகரும்.

வெளிமாநிலப் பயணத்துக்குப் பல கவுன்டிகளில் துறைத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. நிர்வாக அலுவலரிடமோ போர்டிடமோ போக வேண்டியிருக்கும். போர்டு அஜெண்டாவில் ஏறவே சில வாரம் பிடிக்கும். அதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

இங்கே பலர் மாட்டுவது நிதியாண்டில். கலிபோர்னியா கவுன்டிகளின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜூலையில் நடக்கும் மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணமும் விமான டிக்கெட்டும் ஏப்ரல், மே மாதங்களிலேயே கட்டுவீர்கள். அது பழைய ஆண்டின் பணமா, புதிய ஆண்டின் பணமா? நிதிப் பிரிவு இதற்குத் தனிக் குறியீடு வைத்திருக்கும். மே முடிந்ததும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையில் பல துறைகள் கொள்முதல் கார்டை இறுக்கிவிடும். ஜூலை மாநாடு என்றால் மார்ச்சிலேயே நிதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

மணிக்கணக்குச் சம்பளக்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பயிற்சி நேரமும், வழக்கமான வேலை நேரத்தில் வரும் பயண நேரமும் வேலை நேரம்தான். மாலை நிகழ்ச்சிக்கு ஓவர்டைம் உண்டா என்பதை உங்கள் யூனியன் ஒப்பந்தத்தைப் பார்த்து முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

4. பதிவும் ஓட்டல் அறையும்

பதிவுக் கட்டணம் கட்டம் கட்டமாக ஏறும். முன்பதிவுச் சலுகை ஒரு விலை, பிறகு வழக்கமான விலை, அரங்கின் வாசலில் இன்னொரு விலை. உங்கள் கவுன்டி உறுப்பினரா என்று பார்த்து உறுப்பினர் விலையில் பதியுங்கள். முடிந்தவரை கவுன்டி கார்டில் கட்டச் சொல்லுங்கள். காசோலைதான் என்றால், அந்தச் சங்கம் உங்கள் கவுன்டியின் வென்டர் பட்டியலில், அதாவது கவுன்டி பணம் கட்டும் நிறுவனங்களின் பட்டியலில், ஏறியிருக்க வேண்டும். அதற்கு அவர்களிடமிருந்து வரி எண்ணைக் காட்டும் டபிள்யூ-9 படிவம் வாங்க வேண்டும். இதிலேயே சில வாரம் போய்விடும்.

பதிவுப் பாரத்தில் உணவு விருப்பம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். 'சைவம், முட்டையும் மீனும் கூடாது' என்று விளக்கமாக எழுதுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதிவிட்டு, விருந்தில் ரொட்டியும் சாலடுமாக ஒப்பேற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஓட்டலுக்கு, மாநாட்டு அமைப்பாளர் தரும் இணைப்பு வழியாக மட்டும் அறை எடுங்கள். பதிந்த சில நாளில், "நாங்கள்தான் மாநாட்டின் தங்குமிடப் பிரிவு, அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன" என்று ஒரு போனோ மின்னஞ்சலோ வரலாம். பெரும்பாலும் அது மோசடி. கார்டு எண்ணை வாங்கிக்கொள்வார்கள், போய் இறங்கினால் அறை இருக்காது. "கலந்துகொள்வோர் பட்டியல் விற்பனைக்கு" என்று வரும் மின்னஞ்சலும் அதே வகை.

விலை விஷயத்திலும் சட்டம் இருக்கிறது. போர்டு, குழு உறுப்பினர்களுக்கு ஏபி 1234-இன்படி, மாநாட்டுக்கு அறிவித்த குழு விலையைத் தாண்டி ஓட்டல் பணம் தரக்கூடாது. பதியும்போது அந்த விலையில் அறை கிடைக்கவில்லை என்றால்தான் மாற்று. கிடைக்கவில்லை என்று திரையில் வருவதைப் படம் எடுத்து வையுங்கள். ஊழியர்களுக்கும் பல கவுன்டிகள் இதே அளவுகோலைத்தான் வைக்கின்றன.

வார இறுதியைச் சேர்த்து ஊர் சுற்ற விரும்பினால், வேலைக்கு மட்டும் போய்வந்தால் டிக்கெட் என்ன விலை என்பதை டிக்கெட் எடுக்கும் அதே நாளில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் முழு டிக்கெட்டையும் கேள்வி கேட்பார்கள்.

5. சாப்பாட்டுக் காசும் மைலேஜும்

பல கவுன்டிகள் மத்திய அரசின் ஜிஎஸ்ஏ தினப்படி அளவைப் பின்பற்றுகின்றன. சில கவுன்டிகள் ரசீது காட்டினால் மட்டும் தருகின்றன. எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஜிஎஸ்ஏ முறையில் கணக்கு எப்படி என்று ஒரு உதாரணம். மத்திய அரசின் 2025 நிதியாண்டில் வாஷிங்டன் டி.சி.க்கு ஒரு நாள் படி 92 டாலர்: காலை உணவு 23, மதியம் 26, இரவு 38, சில்லறைச் செலவு 5. போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முக்கால் பங்கு மட்டும், அதாவது 69. நான்கு நாள் பயணத்துக்கு 69, 92, 92, 69 சேர்த்து 322 டாலர். மாநாடு இரண்டு நாள் மதிய உணவு கொடுத்தால் அந்த 52 டாலரைக் கழிக்க வேண்டும்; கைக்கு வருவது 270. இந்தக் கழிவை மறந்து முழுப் படி கேட்பதால்தான் க்ளைம்கள் திரும்பி வருகின்றன. மாநாடு கொடுத்த சாப்பாடு பிடிக்கவில்லை, வெளியே சாப்பிட்டேன் என்பதைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பதிவின்போதே உணவு விருப்பத்தை எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

சொந்தக் காரில் போனால் மைலுக்கு இவ்வளவு என்று தருவார்கள். மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் வைத்த அளவு 2025-இல் 70 சென்ட். காப்பீட்டுச் சான்று முன்கூட்டியே கோப்பில் இருக்க வேண்டும் என்று பல துறைகள் கேட்கும். மதுவுக்கு எந்த நிலையிலும் காசு வராது. ஓட்டல் உணவகத்தில் அதைத் தனிப் பில்லாகப் போடச் சொல்லுங்கள். ஒரே பில்லில் இருந்தால் அதற்கான வரியும் டிப்ஸும் பிரித்துக் கணக்குப் போட நீங்கள்தான் உட்கார வேண்டும்.

6. கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை

2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கு ரியல் ஐடி (மத்திய அரசு ஏற்கும் தரத்தில் உள்ள ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை) வேண்டும்; இல்லாதவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டலாம். ஒப்புதல் கையெழுத்தான பயணப் பாரத்தின் நகல், பதிவு ரசீது, அமர்வு நேரம் போட்ட நிகழ்ச்சி நிரல் ஆகியவை போனிலும் தாளிலும் இருக்கட்டும். கவுன்டி கார்டு உங்கள் பெயரில் இல்லையென்றால், ஓட்டலுக்கு அனுப்ப வேண்டிய கார்டு ஒப்புதல் பாரத்தை முன்பே அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேளுங்கள். இரவு பதினோரு மணிக்கு வரவேற்பு மேசையில் நிற்கும்போது உங்கள் நிதிப் பிரிவில் போன் எடுக்க ஆள் இருக்காது. அறைக்குக் கவுன்டி கட்டினாலும் சில்லறைச் செலவுக்கென்று உங்கள் சொந்த கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அதற்கு இடம் இருக்கிற கார்டை எடுத்துப் போங்கள்.

7. ஆட்களைப் பழகிக்கொள்வது

காலையில் பேட்ஜ் வாங்குகிற இடத்திலேயே முதல்முறை வருபவர்களுக்கான அறிமுகக் கூட்டம் எங்கே என்று கேளுங்கள். பெரிய மாநாடுகளில் அது தனியாக நடக்கும். அங்கே எல்லோருமே புதியவர்கள் என்பதால் பேச்சுக் கொடுப்பது எளிது.

மதிய உணவுக்கு வட்ட மேசைகள். நம் துறை ஆட்களைக் கண்டதும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவோம். நம்மூர்க்காரர் யாராவது தென்பட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு வேளையாவது தெரியாதவர் மேசையில் உட்காருங்கள். "எந்தக் கவுன்டி?" என்ற ஒரு கேள்வி போதும். ஆல்பைன் கவுன்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 1,204. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் அதே கணக்கெடுப்பில் ஒரு கோடிக்கும் மேல். இரண்டுக்கும் மாநிலம் அனுப்பும் உத்தரவுகள் பலவும் ஒன்றுதான். சின்னக் கவுன்டியில் ஒரே ஆள் நான்கு பேர் வேலையைப் பார்ப்பார். அவரிடம் முழு நடைமுறையும் விரல்நுனியில் இருக்கும். புதியவர்கள் பெரிய கவுன்டி ஆட்களைத் தேடி ஓடுகிறார்கள். எனக்கு அதிகம் உதவியது சின்னக் கவுன்டிக்காரர்கள்தான்.

கேட்க வேண்டியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். மென்பொருளோ ஒப்பந்தமோ பற்றிப் பேச்சு வந்தால், விலை என்ன என்று கேட்டதோடு விடாமல், அது போர்டுக்கு எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டு வாங்குங்கள். தேதி கிடைத்தால் போதும். அந்தக் கவுன்டியின் இணையதளத்தில் அன்றைய அஜெண்டாவைத் திறந்தால் ஊழியர் அறிக்கை, ஒப்பந்த நகல், தொகை எல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அவர்கள் விட்ட டெண்டரில் மற்ற அரசு அமைப்புகளும் சேரலாம் என்ற வரி இருந்தால், உங்கள் கொள்முதல் பிரிவுக்கு அது பெரிய சேமிப்பு. அந்த ஒரு தகவலே பயணச் செலவை நியாயப்படுத்தும்.

யாரிடமாவது விசிட்டிங் கார்டு வாங்கினால் அதன் பின்புறத்தில் எதைப் பற்றிப் பேசினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றிரவே எழுதாவிட்டால் மறுநாள் யார் யாரென்று தெரியாது.

தொழில்முறை உரிமத்துக்குப் பயிற்சி மணி சேர வேண்டியவர்கள் ஒவ்வொரு அமர்விலும் கையெழுத்துத் தாளையோ ஸ்கேன் குறியையோ விட்டுவிடக் கூடாது. பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

8. விருந்து, பரிசு, வாட்ஸ்அப்

கண்காட்சி அரங்கில் வென்டர்கள் அன்பாகத்தான் இருப்பார்கள். இரவு விருந்துக்கு அழைப்பார்கள், குலுக்கலில் டேப்லெட் கொடுப்பார்கள். படிவம் 700 கொடுக்கிறவர்கள் ஒரே இடத்திலிருந்து ஓராண்டில் 630 டாலருக்கு மேல் பரிசு வாங்கக்கூடாது. இது 2025, 2026 ஆண்டுகளுக்கான வரம்பு. 50 டாலரைத் தொட்டாலே படிவத்தில் காட்ட வேண்டி வரலாம். விருந்துச் சாப்பாடும் பரிசுக் கணக்கில் வரும். உங்கள் கவுன்டியின் சொந்த விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். குலுக்கலில் விழுந்தால் கவுன்டி வழக்கறிஞர் அலுவலகத்தைக் கேட்காமல் பெட்டியைப் பிரிக்காதீர்கள். பயன்படுத்தாமல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் சிக்கல் இல்லை. உங்கள் துறையில் டெண்டர் திறந்திருக்கும்போது, அதில் போட்டியிடக்கூடிய வென்டரின் ஸ்டாலில் நின்று பேசவே பேசாதீர்கள். வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள்.

போர்டு, குழு உறுப்பினர்களுக்குத் திறந்த கூட்டச் சட்டமான பிரவுன் ஆக்ட் மாநாட்டுக்கும் பொருந்தும். ஐந்து பேர் குழுவில் மூன்று பேர் ஒரே மாநாட்டில் உட்காரலாம், தப்பில்லை. நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே, மூவரும் சேர்ந்து காபி குடித்துக்கொண்டே தங்கள் குழுவின் முன்னுள்ள விவகாரத்தைப் பேசினால் அது சட்டமீறல். ஒருவர் இன்னொருவரிடம், அவர் மூன்றாமவரிடம் என்று தகவல் கடத்தினாலும் அதேதான். சமூக ஊடகத்தில், குழுவின் வேலை பற்றி ஒரு உறுப்பினர் போட்ட பதிவுக்கு இன்னொரு உறுப்பினர் லைக் போடுவதைக்கூட 2021 முதல் சட்டம் தடுக்கிறது.

மாநாட்டில் பழகியவர்கள் உடனே வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். சொந்தப் போனில் இருந்தாலும் அரசு வேலை பற்றிய செய்திகள் பொது ஆவணமாகலாம் என்று 2017-இல் சான் ஹோசே நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வேலைப் பேச்சை அலுவலக மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. திரும்பி வந்த வாரம்

அறையைக் காலி செய்யும்போதே ஓட்டலில் இறுதிப் பில் கேட்டு வாங்குங்கள். நாள்வாரியாக வாடகை, வரி, வாகன நிறுத்தம் பிரித்து, பாக்கி பூஜ்யம் என்று காட்டுகிற பில் வேண்டும். முன்பதிவு இணையதளம் அனுப்பிய உறுதிச் சீட்டை நிதிப் பிரிவு ஏற்காது.

செலவுப் பாரத்தை அந்த வாரமே கொடுங்கள். கவுன்டிக்குக் கவுன்டி கெடு மாறும். ஐஆர்எஸ் வழக்கப்படி 60 நாளுக்குள் கணக்குக் காட்டி, முன்பணத்தில் மீந்ததை 120 நாளுக்குள் திருப்ப வேண்டும்; தவறினால் அது சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படலாம். குழு உறுப்பினர்கள், கவுன்டி செலவில் போன கூட்டம் பற்றி அடுத்த வழக்கமான கூட்டத்திலேயே சுருக்கமாக அறிக்கை தர வேண்டும். அது ஏபி 1234 விதிக்கும் கடமை. அந்தச் செலவுக் கணக்குகள் பொது ஆவணம் என்பதால், பத்திரிகைக்காரர் கேட்டாலும் கொடுக்கப்படும்.

ஊழியர்களிடம் அறிக்கை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு பக்கம் எழுதி மேலதிகாரிக்குக் கொடுங்கள்: யாரிடம் என்ன தெரிந்துகொண்டேன், எந்தக் கவுன்டியின் எந்த ஆவணம் நமக்குப் பயன்படும், அடுத்து என்ன செய்யலாம். அடுத்த ஆண்டு அனுமதி கேட்கும்போது அந்தப் பக்கத்தையே இணைப்பாக வையுங்கள்.

பழகியவர்களில் இரண்டு மூன்று பேருக்காவது பத்து நாளுக்குள் மின்னஞ்சல் போட்டு, கேட்ட ஆவணத்தை நினைவூட்டுங்கள். துறைச் சங்கத்தில் அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளர்களை எப்போது அழைக்கிறார்கள் என்றும் அப்போதே கேளுங்கள். சில சங்கங்கள் பேச்சாளர்களுக்குப் பதிவுக் கட்டணத்தைக் குறைக்கின்றன. சில அறவே வாங்குவதில்லை.